கிளப்புக்கு வைத்த வெற்றிலை

மாலையில் எங்கள் கிளப் பக்கம் வந்தால், கட்டடம் கண்ணில் படும் முன்பே சத்தம் காதில் விழும். கேரம் காய் தெறிக்கும் சத்தம். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு பையன்கள் மல்லுக்கட்டும் சத்தம். மூலையில் உட்கார்ந்து நாலு பெண் பிள்ளைகள் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பார்கள். நான் நடுவில் நின்று, "கொஞ்சம் வாய மூடுங்களேன்" என்று கத்துவேன். மூடமாட்டார்கள். நானும் கோபமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன். இந்தச் சத்தத்தைச் சம்பாதிக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்னும் ஒருத்திக்குத் தெரியும்.

பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட்டாலும் நான் டீச்சர் இல்லை. றக்வான பஜாரில் என் கணவருக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. அங்கே சேலையை விரித்துக் காட்டுவதும், வாங்காமல் போகிறவர்களை முறைப்பதும், திரும்ப மடித்து வைப்பதும் என் வேலை. பஜாரில் கடை வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, மேலே தேயிலைத் தோட்டத்தில் வயசுப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து சும்மா சுற்றுகிறார்களே, அவர்களுக்கு ஒரு கிளப் நடத்தலாம் என்று பேசினார்கள். பேசும்போது எல்லோருக்கும் உற்சாகம் பொங்கியது. ஒருவர் கேரம் போர்டு தந்தார், ஒருவர் பழைய கம்ப்யூட்டர் தந்தார். யார் போய் நடத்துவது என்று வந்தபோது எல்லோருக்கும் கடையில் வேலை வந்துவிட்டது. "ஒனக்கு வாய் இருக்கு, நீ போ" என்றார் என் கணவர். என் வாயை அவர் ஒரு தகுதியாக ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

தோட்டத்துக்குப் போகும் பஸ் வளைந்து வளைந்து ஏறும். எதிரில் கொழுந்து லொறி வந்துவிட்டால் பஸ் பின்னால் போகும், நான் கண்ணை மூடிக்கொள்வேன். தோட்டத்தை நடத்துகிற மெனேஜரை அங்கே இன்னும் தொரை என்றுதான் சொல்கிறார்கள். சிங்களவர். எங்களைவிட நிதானமாகத் தமிழ் பேசுவார். மூடிக் கிடந்த பழைய டிஸ்பென்சரியை எங்களுக்குத் திறந்துவிட்டார். "மிஸ், பிள்ளைங்க வந்தா இந்த எடம் ஒங்களுக்கு. தீபாவளி வரைக்கும் பாப்பேன். வரலைன்னா எனக்கு உரம் வைக்க எடம் வேணும்" என்றார். நியாயமான பேச்சுதான். நான் பெரிதாகத் தலையாட்டினேன். தீபாவளி வருவதற்குள் இடம் பத்தாமல் போய், இவரிடமே இன்னொரு ரூம் கேட்க வேண்டியிருக்கும் என்று கனவு கண்டேன்.

முதல் நாள் ஒரு பெரிய பை நிறைய வடை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை வந்தாள்.

ஒல்லியான பிள்ளை. ஓ.எல். பரீட்சை எழுதப் போகிற வருஷம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தாள். கேரம் போர்டையும் கம்ப்யூட்டரையும் நான் காட்டினேன். அவள் எதையும் தொடவில்லை.

"இங்க ஒக்காந்து படிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"படிக்கலாம். ஆனா வெளையாடவும் செய்யலாமே."

"வேணாம் டீச்சர். சத்தம் இல்லாம இருந்தா போதும்."

ஒரு வாரத்தில் அவள் கதை எனக்குத் தெரிந்தது. அவள் வீடு ஆற்றோரத்து லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், இருக்கிறது. ஒரே காம்பரா, இருப்பதே அந்த ஒரு அறை. அதில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, இவள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் டீவி. அவளுக்குக் கணக்குப் பாடம் இடித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை கணக்கில் தேறாவிட்டால் கொழும்பில் அவள் சித்தி வேலை செய்யும் கடைக்கே அவளையும் அனுப்பிவிடுவதாக வீட்டில் பேச்சு. அவளுக்குக் கொழும்புக்குப் போக இஷ்டமில்லை, படிக்க வேண்டும். படிக்க அந்த ரூம் வேண்டும். அந்த ரூம் கையில் நிற்க வேண்டுமானால் எனக்குக் கூட்டம் வேண்டும். இதுதான் எங்கள் இரண்டு பேர் நிலைமை.

கூட்டம் சேர்க்க நான் செய்யாத வித்தை இல்லை. பெரிய எழுத்தில் நோட்டீஸ் எழுதி கோவில் சுவரிலும் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலும் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் மைக்கைப் பிடித்து, "இளைஞர்களே, யுவதிகளே" என்று முழங்கினேன். யுவதிகள் என்ற சொல்லைக் கேட்டு யாரோ பின்னால் சிரித்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கிப் பிள்ளைகளைச் சேர்த்தேன். காலையில் நான் ஒரு பூப்படத்தோடு வணக்கம் போட்டால், பகலுக்குள் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் குரூப்பில் நானும் அவளும் என் கணவரும்தான் மிஞ்சினோம். அவர் ஏன் அதில் இருந்தார் என்று தெரியவில்லை, என்னை வேவு பார்க்கத்தான் இருக்கும்.

டிஸ்பென்சரிக்குக் கீழே ரோட்டில் ஒரு மதகு இருக்கிறது. தோட்டத்தில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஸ்கூல் விட்டு வந்த பையன்கள் அந்த மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் அவர்களைப் பார்ப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

"பத்தடி மேல வந்தா கேரம் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. இங்க என்ன குந்திக்கிட்டு இருக்கீங்க?"

அவர்களில் நெட்டையாக இருந்த ஒருத்தன், அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி, மரியாதையாக எழுந்து நின்றான்.

"எங்கள யாரு டீச்சர் கூப்பிட்டா?"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே, பாக்கல?"

"அது செவுத்துக்குச் சொன்னது டீச்சர்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிறானா, உண்மையாகத்தான் சொல்கிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. கோபத்தோடு மேலே ஏறிப் போய்விட்டேன்.

அடுத்த நாள் கடையில் ஒரு அம்மா வந்து பாதி அலமாரியை இறக்க வைத்துவிட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குச் சேலையா என்று கேட்டேன். "கல்யாணந்தான். நாத்தனார் மகளுக்கு. ஆனா போறதா இல்லையான்னு இன்னும் யோசன. போன்ல சொல்லுதுங்க. போன்ல சொன்னா போயிருவோமா? நேருல வந்து ஒரு வெத்தல வச்சிக் கூப்பிட என்னா நோவு?" என்று பொரிந்து தள்ளினார். சேலை வாங்காமலே எழுந்து போனார். நான் மடிக்கத் தொடங்கினேன், பாதியில் கை நின்றுவிட்டது. நெட்டையன் சொன்னதும் இந்த அம்மா சொன்னதும் ஒரே பேச்சுதான். நானும் அப்படிப்பட்டவள்தானே. தட்டோடு வந்து, பேர் சொல்லி, இன்ன நாள் இன்ன நேரம் என்று சொல்லாவிட்டால், சொந்த அக்கா வீட்டு விசேஷத்துக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவள் நான். மைக்கில் கத்தினால் பதினைந்து வயசுப் பிள்ளை ஏன் வரும்?

வீட்டுக்கு வந்து என் கல்யாணத்துத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கிளப்புக்கு வெத்தலயா? தாலி கட்டப் போறது யாரு?" என்றார். பதில் சொல்லாமல் போனேன். ஆனால் பஸ்ஸில் மடியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்தபோது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. கண்டக்டர் வேறு சிங்களத்தில், யாருக்குக் கல்யாணம் அக்கா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். எந்த வீட்டில் வயசுப் பிள்ளை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். டிஸ்பென்சரியில் தனியாகக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கணக்குக் கொப்பியைப் பார்த்தாள், அந்த அமைதியான ரூமைப் பார்த்தாள். அப்புறம் கொப்பியை மூடினாள்.

"ஹரி டீச்சர். தட்ட நான் தூக்குறேன்" என்றாள், சரி என்பதை இங்கத்துப் பிள்ளைகள் சொல்லும் சிங்களத்தில்.

மேட்டு லயத்தில் முதல் வீடு. அந்த வீட்டு அம்மா துணி துவைத்த ஈரக் கையோடு வந்து, தாம்பாளத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க வாங்க. யாருக்குங்க விசேசம்?"

"ஒங்க மகனக் கூப்பிட வந்திருக்கோம்."

அவர் முகம் மாறிவிட்டது. "எம் மவனயா? என்னா பண்ணித் தொலச்சான்?"

கிளப்புக்கு என்று விளங்கவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே இருந்து அவன் வந்தான். மதகில் உட்காருகிற பையன்களில் ஒருவன். முதலில் அம்மாவுக்கு வெற்றிலை கொடுத்தேன், அப்புறம் தாம்பாளத்தை அவன் பக்கம் திருப்பினேன். "வெள்ளிக்கெழம ஸ்கூல் விட்டு வந்ததும் கிளப்புக்கு வரணும். ஒன்னத்தான் கூப்பிடுறேன்" என்றேன். அவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். அது வரைக்கும் அவனைத் தேடி யாரும் வெற்றிலையோடு வந்திருக்கமாட்டார்கள். இரண்டு கையாலும் வாங்கினான். சந்தனத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டே தொட்டு அவன் நெற்றியில் வைத்தார். அவனும் சிரித்துவிட்டான்.

அப்படியே வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரித்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். எல்லாவற்றையும் குடித்தேன். ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெண் பிள்ளையை அவள் அப்பாவே தேடி இழுத்துவந்து, "இந்தா, ஒனக்குத்தான் அழைப்பு. பெரிய மனுசி ஆயிட்ட" என்றார். இன்னொரு வீட்டில் ஒரு தாத்தா, அறுபது வயசுக்காரர் கிளப்புக்கு வரலாமா என்று விசாரித்தார். நெட்டையன் வீட்டில் அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்துதான் வாங்கினான். "இப்பத்தான் டீச்சர் எங்களுக்குச் சொல்லியிருக்கீங்க" என்றான்.

ஆற்றோரத்து லயத்துக்குப் போகும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது. என் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லயத்தின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். தலைவாரி, நல்ல சேலை கட்டியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தட்டோடு வந்துகொண்டிருந்த பிள்ளையின் நடை மெதுவானது.

"இது எங்க வீடு டீச்சர். அது அம்மா."

"அப்படியா?" என்றேன். அந்த அம்மாவைப் பார்த்து, "ஒங்க மக இல்லாட்டி இன்னைக்கி எனக்கு ஒண்ணும் ஓடியிருக்காது. வாறேம்மா" என்று நின்றபடியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நான் ரோட்டுக்கு ஏறிவிட்டேன். பிள்ளை பின்னாலேயே வந்து தாம்பாளத்தைத் தந்தாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இவள் நம்ம பக்கத்து ஆள், கல்யாண வீட்டுக்காரர் தன் வீட்டுக்கே வெற்றிலை வைத்துக்கொள்வாரா என்ன, என்று கூட நான் யோசிக்கவில்லை. பஸ் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் வடை குறைவாகத்தான் வாங்கிப் போயிருந்தேன், முதல் நாள் பட்டது மறக்கவில்லை. ஸ்கூல் பஸ் வந்து நின்றதும் மேட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டம், கீழேயிருந்து ஒரு கூட்டம். சிலர் நெற்றியில் சந்தனம் கூட வைத்திருந்தார்கள், விசேஷத்துக்கு வருகிற மாதிரி. உட்கார இடமில்லாமல் படியெல்லாம் பிள்ளைகள். வடை பத்தவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு திரும்பி, யார் கேரம் போர்டில் ஏறி உட்கார்ந்தது என்று சத்தம் போட்டேன்.

தொரை அந்த வழியாக ஜீப்பில் போனவர், நிறுத்தி எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஹரி மிஸ், உரத்துக்கு வேற எடம் பாத்துக்கிறேன்" என்றார். அவர் போனதும்தான் கவனித்தேன். அவளைக் காணவில்லை.

திங்கட்கிழமையும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். கேரம் காய் தெறிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய கொப்பி ஞாபகம் வந்தது. அமைதிக்காக வந்த பிள்ளையிடமே தட்டைக் கொடுத்து, ஊரையெல்லாம் கூட்டி வரச் செய்திருக்கிறேன். அவளும் தெரிந்துகொண்டேதான் கூட்டி வந்திருக்கிறாள்.

புதன்கிழமை அவளுடைய அப்பாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போகிறவர். காலில் காய்ந்த களிமண்ணோடு பஸ்ஸை விட்டு இறங்கியவரை மதகுப் பையன் ஒருவன்தான் எனக்குக் காட்டினான்.

"அண்ணே, மகளக் காணோமே. சத்தமா இருக்குன்னு வரலியா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவே இல்லை.

"எல்லா வீட்டுக்கும் வெத்தல வச்சீங்க. எங்க வீட்டு வாசலத் தாண்டிப் போனீங்க. அழைக்காத எடத்துக்கு எங்க வீட்டுப் புள்ள வராதுங்க."

"அவ எங்க கூடத்தானேண்ணே வந்தா..."

"அவ ஒங்க கூட வந்தா. நாங்க?"

வாயுள்ளவள் என்று பேர் வாங்கியவளுக்கு அவசரத்தில் ஒரு வழிதான் தெரிந்தது. "நாளைக்கே தட்டத் தூக்கிக்கிட்டு வாறேண்ணே" என்றேன். அவர் தலையை அசைத்தார்.

"வேணாங்க. இப்ப வச்சா, கேட்டு வாங்குன வெத்தலயாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, ரோட்டை விட்டு லயத்துப் பாதையில் இறங்கினார். அவர் சொன்னது சரி. எனக்கு அந்த முறை தெரியும். மறந்த வீட்டுக்குப் பிறகு போய்த் தட்டை நீட்டினால், அது காயத்தில் விரலை வைப்பது மாதிரி. போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது.

மறுநாள் ஸ்கூல் பஸ்ஸில் அவள் இறங்கியபோது பிடித்து நிறுத்தினேன். எனக்கு அவள் மேலேயே கோபமாக வந்தது, கோபப்பட வேறு ஆள் கிடைக்காததால்.

"ஒங்க வீட்டு வாசல்ல வச்சி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? டீச்சர், இங்கயும் வைங்கன்னு?"

அவள் பை வாரைத் திருகினாள். "எப்பிடி டீச்சர்? எங்க வீட்டுக்கும் வைங்கன்னு நானே எப்பிடிக் கேக்குறது?"

கேட்க முடியாதுதான். நானாக இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். "சரி, கூட்டம் வந்தா ஒனக்குப் படிக்க முடியாதுன்னு அன்னைக்கே தெரியுந்தானே?" என்றேன்.

"தெரியும் டீச்சர். கூட்டம் வராட்டி ரூமே போயிருமே. சத்தத்துல படிச்சிப் பழகலாம். ரூம் இல்லாம பழக ஏலாதே." இதைச் சொல்லிவிட்டு, தன் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இப்படி ஒரு பிள்ளையிடம் நான் கோபப்பட்டேனே என்று இருந்தது.

அன்று கிளப்பில் கேரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் தட்டைத் தூக்கி வந்து உங்களையெல்லாம் அழைத்தாளோ அவள் வீட்டையே அழைக்காமல் விட்டோம், அவள் வரவில்லை, பரீட்சை வருகிறது, திரும்பப் போய் வெற்றிலை வைக்கவும் முறையில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. முறை தெரியாத பிள்ளைகள் இல்லை அவர்கள், விஷயம் எவ்வளவு பெரியது என்று உடனே புரிந்துகொண்டார்கள். ஒரு பெண் பிள்ளை, "பாவம் டீச்சர், அன்னைக்கி அவங்கம்மா பழைய சேலைய மாத்திக்கிட்டு நின்னாங்க. நான் பாத்தேன்" என்றாள்.

நெட்டையன் கேரம் காய் ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டு யோசித்தான்.

"பழைய விசேசத்துக்குத்தானே டீச்சர் இனிமே வைக்க ஏலாது. புதுசா ஒரு விசேசம் வச்சா?"

"என்ன விசேசம்?"

அவன் பின்பக்கம் கையைக் காட்டினான். டிஸ்பென்சரியில் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. முன்பு மருந்துப் போத்தல்கள் வைத்த இடம். தட்டுமுட்டுச் சாமானும் எலிப் புழுக்கையுமாக அடைந்து கிடந்தது. கதவைச் சாத்தினால் முன்பக்கத்துச் சத்தம் அவ்வளவாக வராது. "அதக் கழுவி சுண்ணாம்பு அடிச்சி, படிக்கிற ரூம் ஆக்குவோம். தொறப்பு விழா வைப்போம். மொத வெத்தல அவங்க வீட்டுக்கு" என்றான்.

முதல் வெற்றிலை என்றால் அது பெரிய மரியாதை. கோவிலுக்கு அடுத்து, அந்த வீடு. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் என்னைத் திட்டிக்கொண்டேன். அவனை ஏதாவது பாராட்ட வேண்டும் போல இருந்தது. "கேரம் காயக் கீழ வையி" என்றுதான் வாயில் வந்தது.

அடுத்த ஒரு வாரம் முழுக்க ஒருத்தரும் மதகில் உட்காரவில்லை. பையன்கள் சாமானைத் தூக்கி வெளியே போட்டார்கள். பெண் பிள்ளைகள் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தரையைத் தேய்த்தார்கள். சுண்ணாம்பு சுவரில் பட்டதைவிட அவர்கள் தலையில் பட்டதுதான் அதிகம். தொரை ஒரு பழைய மேசையை அனுப்பிவைத்தார். என் கணவர், யாரும் கேட்காமலே, ஜன்னலுக்கு ஒரு திரைத்துணி வெட்டிக் கொடுத்தார். கடையில் விலை போகாத துணிதான், இருந்தாலும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தாம்பாளத்தைத் தேய்த்தேன். கோவிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேராக ஆற்றோரத்து லயத்தின் கடைசி வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை தட்டைத் தூக்கியது நெட்டையன். பின்னால் கிளப்புப் பிள்ளைகள் எல்லோரும். லயத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நானும் மெதுவாக நடந்தேன்.

அவளுடைய அப்பா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கோடாரியை வைத்துவிட்டு உள்ளே போனார். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்தில் அந்த அம்மா. கதவோரத்தில் அவள்.

நான் முறைப்படி சொன்னேன். கிளப்பில் படிக்கிற ரூம் திறக்கிறோம், வெள்ளிக்கிழமை, குடும்பத்தோடு வர வேண்டும், இதுதான் முதல் வெற்றிலை. நெட்டையன் தாம்பாளத்தை அவர் முன்னால் நீட்டினான். அவர் தட்டைப் பார்த்தார். அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்.

"கதவ யாரு தொறக்குறது?" என்று கேட்டார்.

அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நெட்டையன்தான் முந்திக்கொண்டான். "நீங்கதான் மாமா" என்றான்.

அவர் இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "ஹரி" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சந்தனத்தைத் தொட்டு வைத்தார். நான் தாம்பாளத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன். கடைசியில், பேர் சொல்லி, அவளிடம் காட்டினேன். அவள் வெற்றிலையை வாங்கிக்கொண்டு, இவ்வளவு நாளும் என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் காட்டாதவள், அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவர்தான் கதவைத் திறந்தார். அந்தச் சின்ன ரூமில் உட்கார்ந்து படித்துத்தான் அவள் ஓ.எல். எழுதினாள், கணக்கிலும் தேறினாள். இப்போது அதற்கு மேல் ஏ.எல். படிக்கத் தினமும் பெல்மதுளைக்குப் பஸ் ஏறுகிறாள். திரும்பி வரும்போது மதகில் இறங்கி மேலே வந்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், என்னைவிட அதிகமாகக் கத்துகிறாள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெற்றிலை வைத்து முடிந்ததும் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த அம்மா விடவில்லை. பாய் விரித்து உட்காரவைத்தார். பிள்ளைகளுக்கெல்லாம் கோப்பை போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தார். எனக்கு மட்டும், அலமாரியில் இருந்த, கைப்பிடி உடையாத, பூப்போட்ட கோப்பை. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. நான் ஊதிக் குடிப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கும் போட்டு வச்சிருந்தேன் டீச்சர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். "ஆறிப் போச்சி."

கோப்பையை முழுக்கக் குடித்து முடித்தேன். பிறகு அதை அவரிடம் நீட்டி, "அக்கா, இன்னொரு கோப்பை தாங்க" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே போனார். கேட்டு வாங்கிக் குடிப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை.